படர்தாமரையும் சேற்றுப்புண்ணும்: களிம்பு வாங்கும் முன் அறிய வேண்டியவை

நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் கிராமத்து மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்டு வாங்கப்படும் பொருள்களுள் அரிப்புக் களிம்பும் ஒன்று. நாள் முழுவதும் சேற்றில் நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வருகிறது. வியர்வை ஊறிய துணியுடன் உழைப்பவர்களுக்குத் தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் படர்தாமரை வருகிறது. இவை பெரும்பாலும் பூசணங்களால் உண்டாகும் நோய்கள். மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய பூசணக்கொல்லிக் களிம்புகளைக் கொண்டு இவற்றில் பெரும்பகுதியைக் குணப்படுத்தி விடலாம். ஆயினும் ஐந்தாறு குழாய் களிம்பு வாங்கிப் பூசியும், ஆறு மாதம், ஓராண்டு என்று நோய் நீங்காமல் அவதிப்படும் குடும்பங்களைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பல ஊர்களிலும் காண முடிகிறது. வாங்குவது தவறான களிம்பாக இருப்பதும், சரியான களிம்பையும் பாதி நாளில் நிறுத்திவிடுவதும் இதற்கு முக்கியக் காரணங்களாகும்.

பயிர் நோய்களைப் பற்றி எழுதும் பக்கங்களில் மனிதரின் தோல் நோய்க்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பயிரைத் தாக்கும் பூசணத்திற்கும் தோலைத் தாக்கும் பூசணத்திற்கும் வாழும் முறையில் ஒற்றுமைகள் பல உண்டு. மருந்துகளிலும் சில ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நோயை அடையாளம் கண்டு, உரிய மருந்தை உரிய அளவில் உரிய நாள் வரை இடும் பழக்கம் வயலில் நமது உழவர்களுக்கு உண்டு. அதே கவனம் தோலுக்கும் தேவைப்படுகிறது.

தோலில் பூசணம் வாழும் விதம்

நமது தோலின் மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. அதிலும், முடியிலும், நகத்திலும் கெரட்டின் என்னும் புரதம் உள்ளது. படர்தாமரைப் பூசணங்களுக்கு இந்தக் கெரட்டினே உணவு. அவை தோலின் ஆழத்திற்குச் செல்வதில்லை. மேலடுக்கிலேயே இழை விட்டுப் பக்கவாட்டில் பரவுகின்றன. உணவு தீர்ந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு வெளிப்புறமாக நகர்வதாலும், நடுவில் உடலின் எதிர்ப்பு வேலை செய்வதாலும், ஓரம் சிவந்து தடித்தும் நடுப்பகுதி ஓரளவு தெளிந்தும் வட்டமாகத் தெரிகிறது. மழைக்குப் பின் புல்தரையில் காளான்கள் வட்டமாக முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுபோன்ற வளர்ச்சியே.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, வட்டத்தின் ஓரத்தில்தான் பூசணம் வீரியமாக உள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஓரத்திற்கு வெளியிலும் அதன் இழைகள் சென்றிருக்கும். நிலக்கடலையில் வேரழுகல் கண்ட இடத்தில் காய்ந்த செடியோடு நிறுத்தாமல் சுற்றிலும் உள்ள நல்ல செடிகளுக்கும் மருந்து ஊற்றுகிறோம் அல்லவா? இரண்டாவது, தோலின் மேலடுக்கு முழுவதும் உதிர்ந்து புது அடுக்கு வருவதற்குச் சுமார் நான்கு வாரங்கள் ஆகின்றன. பூசணம் குடியிருக்கும் அடுக்கு உதிரும் வரை மருந்து அங்கே இருந்தாக வேண்டும். அரிப்பு நான்காம் நாளே அடங்கிவிடலாம். ஆனால் அரிப்பு அடங்குவதும் பூசணம் அழிவதும் ஒன்றல்ல.

எது பூசண நோய், எது அல்ல

வட்ட வடிவில் ஓரம் தடித்து, செதில் உதிர்ந்து, அரிப்புடன் நாளுக்கு நாள் பெரிதாவது படர்தாமரை. சில ஊர்களில் இதை வண்டுகடி என்றும் சொல்வர். கால்விரல் இடுக்கில், குறிப்பாக நான்காம் ஐந்தாம் விரல்களுக்கிடையே, தோல் வெளுத்து ஊறி உரிந்து வெடிப்பது சேற்றுப்புண். இதில் படர்தாமரைப் பூசணத்துடன் கேண்டிடா என்னும் வேறொரு பூசணமும், பாக்டீரியாக்களும் சேர்ந்திருப்பதுண்டு. மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறிய அல்லது பழுப்புநிறத் திட்டுகளாக, மெல்லிய தவிடு போன்ற செதிலுடன், அதிக அரிப்பின்றி வருவது தேமல். இதுவும் ஒருவகைப் பூசணத்தால் வருவதே.

இவற்றைப் போலவே தோற்றமளிக்கும் வேறு நோய்கள் உள்ளன. பார்த்தீனியம் களை மிகுந்த நிலங்களில் வேலை செய்பவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கருத்து அரிக்கும். இது ஒவ்வாமை, பூசணக்கொல்லிக் களிம்பால் இதற்குப் பயன் இல்லை. மருந்து தெளித்த மறுநாள் கைகளில் வரும் தடிப்பும் அப்படிப்பட்டதே. எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைந்து, வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்தால், அதைத் தேமல் என்று எண்ணிக் களிம்பு பூசிக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் சோதித்து இலவசமாகவே மருந்து தருவார்கள். தொடக்கத்திலேயே கண்டால் ஊனமின்றி முழுமையாகக் குணமாகும்.

கடையில் கிடைக்கும் மருந்துகள்

பழைய மருந்து விட்ஃபீல்டு களிம்பு. பென்சாயிக் அமிலம் 6 சதமும் சாலிசிலிக் அமிலம் 3 சதமும் கலந்தது. விலை மிகக் குறைவு. பூசணம் குடியிருக்கும் மேல்தோலை உரியச் செய்து வேலை செய்கிறது. வெடிப்போ புண்ணோ உள்ள தோலிலும், தொடை இடுக்கு போன்ற மென்மையான இடங்களிலும் எரிச்சல் தரும். உள்ளங்கால் போன்ற தடித்த தோலுக்கு இன்றும் ஏற்றதே.

இப்போது அதிகம் பயன்படுவன அசோல் வகைக் களிம்புகள். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல் ஆகியவை இவ்வகையின. பூசணத்தின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருள் இன்றியமையாதது. அது உருவாகாமல் இவை தடுக்கின்றன. நெல்லில் இலையுறைக் கருகலுக்கு நாம் தெளிக்கும் ஹெக்சகோனசோல், புரோப்பிகோனசோல் ஆகியவையும் இதே குடும்பம். வேலை செய்யும் இடமும் அதுவே. டெர்பினாஃபின் என்ற மருந்தும் எர்கோஸ்டிரால் உருவாவதையே தடுக்கிறது. ஆனால் இன்னும் முந்திய ஒரு படியில் தடுக்கிறது. கேண்டிடாவுக்கு அசோல் வகையே சிறந்ததாகையால் சேற்றுப்புண்ணுக்கு முதலில் க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் வாங்குவது நலம்.

பயிருக்கும் தோலுக்கும் உள்ள இந்த உறவு புதிதல்ல. 1939-இல் ஒரு பெனிசிலியப் பூசணத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோஃபுல்வின், தொடக்கத்தில் பயிர்களின் பூசண நோய்களுக்குத்தான் சோதிக்கப்பட்டது. 1958-இல் ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர் அதை வாய்வழியாகக் கொடுத்துக் கினிப்பன்றிகளின் படர்தாமரையைக் குணப்படுத்திக் காட்டிய பிறகே அது மனிதருக்கு மாத்திரையாயிற்று.

உறவு இருப்பதனால் வயல் மருந்தைத் தோலில் பூசலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ‘கதிருக்குக் கேட்கும் மருந்து காலுக்குக் கேட்காதா’ என்று வயல் விழாக்களில் என்னிடமே கேட்டவர்கள் உண்டு. தோல் களிம்பில் மருந்து 1 அல்லது 2 சதமே இருக்கும். தோலுக்கு ஏற்ற அடிப்பொருளில் கலக்கப்பட்டிருக்கும். வயல் மருந்தில் கரைப்பான்களும் பால்மமாக்கிகளும் உள்ளன. புரோப்பிகோனசோல், மேன்கோசெப் ஆகியவை தோலில் பட்டால் ஒவ்வாமையைத் தூண்டக் கூடியவை. எருக்கம்பாலும் சேராங்கொட்டை எண்ணெயும் தோலை வேகச் செய்து, பூசண நோயுடன் தீப்புண்ணையும் சேர்த்துத் தரும். வண்டுகொல்லி எனப்படும் சீமை அகத்தி இலைக்கும் மருதாணிக்கும் பூசணத்தை ஓரளவு அடக்கும் தன்மை உண்டு. லேசான சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பரவிவிட்ட படர்தாமரைக்கு அது போதாது.

கலப்புக் களிம்பின் கேடு

கடைக்காரரிடம் ‘அரிப்புக்கு ஒரு டியூப்’ என்று கேட்டால் பல இடங்களில் கிடைப்பது தனிப் பூசணக்கொல்லி அன்று. பூசணக்கொல்லி, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, இவற்றுடன் ஸ்டீராய்டு ஒன்று என இரண்டும் மூன்றும் கலந்த களிம்பாக அது இருக்கும். பூசிய அன்றிரவே அரிப்பு நின்றுவிடும். வாங்கியவருக்கு மகிழ்ச்சி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதையே சொல்லிவிடுவார்.

அரிப்பும் சிவப்பும் உண்மையில் பூசணத்தை எதிர்த்து நமது உடல் செய்யும் போராட்டத்தின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கி விடுகிறது. காவல்காரனை உறங்க வைத்த களத்து மேட்டில் திருடனுக்கு என்ன தடை? மேலே அமைதி தெரியும். அடியில் பூசணம் தடையின்றிப் படரும். களிம்பை நிறுத்திய சில நாள்களில் அரிப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். மீண்டும் அதே களிம்பு. இப்படிச் சில மாதங்கள் சென்றால் வட்டத்தின் ஓரம் மங்கி, நோயின் உருவமே மாறி, மருத்துவரே பார்த்தவுடன் கண்டுகொள்ள முடியாத நிலை வரும். தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் பிரசவக் கோடுகள் போன்ற வரிகள் விழும். பூசண நோய் குணமானாலும் அந்த வரிகள் மறைவதில்லை.

பெயர்களைப் பார்த்து வாங்குவதே இதற்கு வழி. குழாயின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுயோசினோலோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் களிம்பு படர்தாமரைக்கு ஆகாது. ஒரு பெயரில் தனிக் கவனம் வேண்டும். க்ளோட்ரிமசோல் என்பது பூசணக்கொல்லி. க்ளோபெட்டசோல் என்பது வீரியம் மிக்க ஸ்டீராய்டு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். செய்யும் வேலையோ நேர் எதிர். எனவே பெயரை வாயால் சொல்லிக் கேட்பதைவிட, ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. ‘தனிக் க்ளோட்ரிமசோல் 1 சதம், வேறு எதுவும் கலக்காதது’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கக் கூடிய ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கலப்பு மருந்துகளுக்குத் தடை விதித்தபோது, பூசணக்கொல்லியும் ஸ்டீராய்டும் சேர்ந்த களிம்புக் கலவைகள் சிலவும் அப்பட்டியலில் இருந்தன. எல்லாக் கலவைகளும் நின்றுவிடவில்லை. சீட்டுக் கேட்காமலே விற்கும் கடைகளும் இருக்கின்றன.

இதனால் கெடுவது பூசியவர் மட்டும் அல்லர். அரைகுறை மருத்துவத்திற்குத் தப்பிய பூசணம் மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுப் பிறருக்கும் பரவுகிறது. டெர்பினாஃபினுக்குப் பெருமளவில் அடங்காத ஒரு படர்தாமரைப் பூசணத்திற்கு 2020-இல் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்டனர். இந்தியாவின் பெயரைத் தாங்கிய இப்பூசணம் பல நாடுகளிலும் காணப்படுகிறது. 2023-இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும் பதிவாயிற்று. நம் நாட்டில் இது பெருகியதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் பரவலான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

அளவும் நாளும்

க்ளோட்ரிமசோல் 1 சதக் களிம்பைக் காலையிலும் இரவிலும் இருவேளை பூச வேண்டும். பூசும் இடத்தைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, வட்டத்தின் ஓரத்திற்கு வெளியே 2 செ.மீ. தொலைவிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பூசிவர வேண்டும். பூசிய பின் கையைக் கழுவ வேண்டும். உடம்பிலும் தொடையிலும் உள்ள படர்தாமரைக்கு 2 முதல் 4 வாரமும், கால்விரல் இடுக்கிற்கு 4 வாரமும் தேவைப்படும். எங்கிருந்தாலும், தோல் பார்வைக்குச் சரியான பின்னும் மேலும் 2 வாரம் தொடர்வது அவசியம். டெர்பினாஃபின், லுலிகோனசோல் போன்ற ஒருவேளைக் களிம்புகளுக்கு உறையில் உள்ள முறைப்படி நடக்கலாம்.

ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று கணக்கிடுவது போல இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். விரல்கள் உள்பட இரண்டு கையகலம் பூச அது போதும். உள்ளங்கை அளவு திட்டு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சுற்றிலும் 2 செ.மீ. சேர்த்தால் விரல்கள் உள்பட ஒரு கையகலம் ஆகும். ஒரு வேளைக்குக் கால் கிராம், ஒரு நாளைக்கு அரை கிராம், 28 நாளைக்கு 14 கிராம். அதாவது 15 கிராம் குழாய் ஒன்று முழுவதும் தீர வேண்டும். இரு தொடைகளிலும் பரவியிருந்தால் மூன்று நான்கு குழாய்கள் ஆகும். ஒரே குழாயை வீட்டில் நால்வர் பங்கிட்டுப் பத்து நாளில் முடித்துவிட்டு, ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்வதில் நியாயம் இல்லை.

இப்படி முறையாகப் பூசியும் உடம்பில் உள்ளது 2 வாரத்திலும், காலில் உள்ளது 4 வாரத்திலும் குறையத் தொடங்காவிட்டால் களிம்பை மாற்றி மாற்றி வாங்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஏற்கனவே கலப்புக் களிம்பைப் பல வாரம் பூசியவர்கள் முதலிலேயே செல்வது நல்லது.

தேமலுக்குச் செலினியம் சல்ஃபைடு 2.5 சதக் கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிட வேண்டும்; ஏழு நாள் இவ்வாறு செய்யலாம். பூசணம் அழிந்த பின்னும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். நிறம் வரவில்லையே என்று மருந்தைத் தொடர வேண்டாம்.

களிம்புக்கு எட்டாத இடங்கள்

தலையில் வரும் படர்தாமரை பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. முடி ஒடிந்து வட்டமாகச் சொட்டை விழும். பூசணம் முடியின் வேர்க்காலுக்குள் இருப்பதால் களிம்பு அதைத் தொடாது, மாத்திரை வேண்டும். நகம் மஞ்சளாகித் தடித்துப் பொடிவதற்கும் பெரும்பாலும் அப்படியே. கால் நகம் முழுவதும் புதிதாக வளர ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது ஆபத்தானது. அவற்றுள் சில கல்லீரலைப் பாதிக்கக் கூடும். சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகளுடன் ஃப்ளுகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை அளவு திடீரென்று மிகவும் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு இம்மாத்திரைகள் பொதுவாக ஆகா.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், யானைக்கால் வீக்கம் உள்ளவர்களும் சேற்றுப்புண்ணைச் சிறிதாக எண்ணக் கூடாது. அந்த வெடிப்பின் வழியே பாக்டீரியா புகுந்தால் கால் சிவந்து வீங்கி, நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வரும். சர்க்கரை நோயாளிக்குக் காலையே இழக்கும் நிலையும் வரலாம். மேலும், அடிக்கடி இடுக்குகளில் பூசண நோய் வருபவர்கள் ஒருமுறை இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக் கொள்வது நல்லது. அதுவரை தெரியாதிருந்த சர்க்கரை நோய் அப்போது தெரியவரலாம்.

வீடும் தொழுவமும்

வயலிலிருந்து திரும்பியதும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். ஈரம் போனால் பூசணத்திற்குப் பாதி உயிர் போன மாதிரி. ஈரக் கோவணத்தையோ உள்ளாடையையோ உடம்பிலேயே காயவிடக் கூடாது. துணிகளை வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். துண்டும் பாயும் ஆளுக்கு ஒன்றாக இருப்பது நலம். எப்போதும் நனைந்தே இருக்கும் அரைஞாண் கயிறு இடுப்புப் படர்தாமரைக்கு நல்ல புகலிடம். மருத்துவம் தொடங்கும் நாளிலேயே பழையதைக் கழற்றிவிட வேண்டும். வீட்டில் ஒருவருக்கு மேல் அரிப்பு இருந்தால் எல்லோரும் ஒரே நாளில் பூசத் தொடங்க வேண்டும். பக்கத்து வரப்பில் குலை நோய் இருக்க, நம் வயலுக்கு மட்டும் தெளித்த கதையாகக் கூடாது.

மாடு வளர்ப்போர் கன்றுகளையும் பார்க்க வேண்டும். கன்றின் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் கழுத்திலும் முடி உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் அடை போன்ற வட்டத் திட்டுகள் இருந்தால் அது மாட்டுப் படர்தாமரை. கன்றைப் பிடிப்பவர், பால் கறப்பவர் ஆகியோரின் முன்கையிலும் குழந்தைகளின் தலையிலும் அது தொற்றும். மனிதருக்கு வந்தால் சீழ் கோத்துப் பெரிதாக வீங்குவதுண்டு, களிம்பால் அடங்காது. இதன் வித்துகள் தொழுவத்துக் கட்டைகளிலும் கயிற்றிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நோயுற்ற கன்றைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டி, தும்பையும் கயிற்றையும் மாற்றிவிட வேண்டும். கையில் திட்டு வந்து மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் கன்றுக்கும் இருக்கிறது என்பதைத் தவறாமல் சொல்லவும்.